முதலில் காது, பிறகு மீட்டர், கடைசியில்தான் ஸ்பேனர்

பெட்ரோலோ டீசலோ, எந்த எஞ்சினுக்கும் தானாக ஓடத் தொடங்கத் தெரியாது. காற்றை உள்ளே இழுக்க வேண்டும், அதை அழுத்த வேண்டும், எரிந்த புகையை வெளியே தள்ள வேண்டும். இந்த மூன்று வேலைக்கும் வேண்டிய ஆற்றலை எஞ்சின் தன் முந்தைய வெடிப்பிலிருந்துதான் எடுத்துக்கொள்கிறது. முதல் வெடிப்புக்கு முன்னால் வெடிப்பே கிடையாது என்பதால், முதல் சில சுற்றுகளை வேறு யாராவது சுற்றிவிட வேண்டும். கார் வந்த புதிதில் அந்த வேலையை மனிதக் கைகள் செய்தன. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றுவார்கள். எஞ்சின் சமயத்தில் பின்னோக்கி உதைக்கும், மணிக்கட்டு முறியும்.

அந்தக் கைப்பிடியை ஒழித்தவர் அமெரிக்க எஞ்சினியர் சார்லஸ் கெட்டரிங். 1911-இல் அவர் உருவாக்கிய மின்சார ஸ்டார்ட்டர் 1912-ஆம் ஆண்டு கேடிலாக் கார்களில் பொருத்தப்பட்டு வந்தது. எஞ்சினைச் சுற்றும் அளவுக்கு ஒரு மோட்டார் செய்தால் அதுவே எஞ்சின் அளவுக்குப் பெரிதாகிவிடும் என்று பலர் நினைத்த காலம் அது. அதற்கு முன் கடைகளின் பணப்பெட்டி எந்திரத்துக்கு மின்மோட்டார் அமைத்துக் கொடுத்த அனுபவம் கெட்டரிங்குக்கு இருந்தது. சில நொடிகள் மட்டும் ஓடினால் போதும் என்றால், ஒரு சிறிய மோட்டார் தன் சக்திக்கு மீறிய சுமையையும் இழுக்கும் என்பது அவருக்குத் தெரியும். இன்று உங்கள் காரில் இருக்கும் செல்ஃப் மோட்டாரும் இதே அடிப்படையில்தான் வேலை செய்கிறது. தொடர்ந்து 10 நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்கக் கூடாது, அடித்தால் ஒரு நிமிடமாவது ஆறவிட வேண்டும் என்று சொல்வதற்குக் காரணமும் இதுதான். சில நொடிச் சுமைக்காகவே செய்யப்பட்ட மோட்டார் அது.

கார் ஸ்டார்ட் ஆவது ஒரே நிகழ்ச்சி போலத் தோன்றினாலும், உண்மையில் அது வரிசையாக நடக்கும் பல வேலைகள். பேட்டரி மின்சாரம் தர வேண்டும்; சாவியைக் கார் அடையாளம் காண வேண்டும்; செல்ஃப் மோட்டார் எஞ்சினைச் சுற்ற வேண்டும்; பெட்ரோல் வர வேண்டும்; சரியான நொடியில் தீப்பொறி விழ வேண்டும். இந்த வரிசையில் எது முதலில் நின்றுபோனது என்று கண்டுபிடிப்பதுதான் பழுது பார்ப்பதன் முழு அறிவியலும். அதைக் கண்டுபிடிக்காமல் உதிரிபாகம் மாற்றுவது பணத்துக்குக் கேடு.

நான்கு சத்தங்கள்

சாவியைத் திருப்பியதும் கேட்கும் சத்தமே பாதிக் காரணங்களைத் தள்ளிவிடும். நான்கு விதமாக அது அமையும்.

ஒன்று, சத்தமே இல்லை. இரண்டு, 'டக் டக் டக்' என்று வேகமாகத் தொடரும் சத்தம். மூன்று, ஒரே ஒரு கனமான 'டக்', அத்தோடு அமைதி. நான்கு, செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, எஞ்சின் மட்டும் பிடிக்கவில்லை.

முதல் மூன்றும் எஞ்சின் சுற்றாத நிலை. அங்கே பெட்ரோல், ஸ்பார்க் பிளக் பற்றிய பேச்சுக்கே இடமில்லை. நான்காவதில் எஞ்சின் சுற்றுகிறது. அதனால் பேட்டரியையும் செல்ஃப் மோட்டாரையும் பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டாம். செல்ஃப் எடுக்காத காரில் பிளக்கைக் கழற்றுவதும், செல்ஃப் ஜோராக அடிக்கும் காரில் பேட்டரியை மாற்றுவதும் வீண் வேலை.

'டக் டக் டக்' எங்கிருந்து வருகிறது?

செல்ஃப் மோட்டாரின் முதுகில் சொலினாய்டு என்ற உருளை இருக்கிறது. சாவியைத் திருப்பியதும் அதற்குள் இருக்கும் கம்பிச்சுருள் காந்தமாகி, ஓர் இரும்புத் தண்டை இழுக்கிறது. அந்தத் தண்டு இரண்டு வேலை செய்கிறது. செல்ஃப் மோட்டாரின் சிறிய பல்சக்கரத்தை எஞ்சினோடு சேர்ந்து சுழலும் ஃப்ளைவீலின் பெரிய பல்வளையத்தோடு கோத்துவிடுகிறது. அதே சமயம், பேட்டரியிலிருந்து வரும் தடித்த கேபிளை மோட்டாரோடு இணைக்கும் செம்புத் தொடுமுனைகளை மூடுகிறது.

பேட்டரி பலவீனமாக இருந்தால், தண்டை இழுக்கும் அளவுக்கு அதில் மின்சாரம் இருக்கும். தொடுமுனை மூடிய கணத்தில் மோட்டார் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கப் பார்க்கும். பேட்டரியின் வோல்டேஜ் படுத்துவிடும். காந்தத்துக்குப் பிடித்து வைக்கத் தெம்பு இருக்காது, தண்டு பின்வாங்கும், தொடுமுனை திறக்கும். சுமை நீங்கியதும் வோல்டேஜ் மீண்டும் ஏறும். காந்தம் மீண்டும் இழுக்கும். இது நொடிக்குப் பல முறை நடப்பதால்தான் அந்தச் சத்தம். அதைக் கேட்டால் சொலினாய்டு உயிரோடு இருக்கிறது, சாவியின் கட்டளை அதுவரை போய்ச் சேர்கிறது என்று பொருள். குறை, பேட்டரியிலோ அதன் இணைப்பிலோதான்.

ஒரே ஒரு 'டக்' மட்டும் கேட்டு, முகப்பு விளக்கும் மங்காமல் எரிந்தால், சொலினாய்டின் தொடுமுனை தேய்ந்திருக்கலாம். அல்லது மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கலாம். மெக்கானிக்குகள் ஸ்பேனரின் பிடியால் செல்ஃப் மோட்டாரை லேசாகத் தட்டிப் பார்ப்பது இதற்காகத்தான். தட்டியதும் ஒருமுறை எடுத்தால், பிரஷ் போய்விட்டது என்று ஏறக்குறைய முடிவு செய்யலாம்.

பூத்துப்போன டெர்மினல்

"லைட் நல்லா எரியுதே, ஹாரன் அடிக்குதே, அப்புறம் பேட்டரி எப்படிக் குறையாக இருக்கும்?" என்று பலரும் கேட்பார்கள். நியாயமான கேள்வி. அதற்கு விடை ஓமின் விதியில் இருக்கிறது.

பானெட்டைத் திறந்து பேட்டரியின் இரண்டு முனைகளையும் பாருங்கள். ஈய முனையைச் சுற்றி வெள்ளையாகவோ பச்சை கலந்த நீலமாகவோ உப்பு பூத்திருந்தால், அதுவே முதல் சந்தேகத்துக்குரியது. பேட்டரியிலிருந்து கசியும் அமில ஆவி ஈயத்தோடும் செம்போடும் சேர்ந்து உண்டாக்கிய சல்பேட் உப்பு அது. மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. மேலே தெரிவதைவிட, முனைக்கும் கிளாம்புக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாமல் படியும் மெல்லிய படலம்தான் அதிகத் தொல்லை தரும்.

அந்தப் படலத்தின் மின்தடை வெறும் 0.03 ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு முகப்பு விளக்குகளும் சேர்ந்து சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். 9-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 0.27 வோல்ட். அவ்வளவுதான் இழப்பு, விளக்கின் வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. செல்ஃப் மோட்டாருக்கு வேண்டியது சுமார் 150 ஆம்பியர். 150-ஐ 0.03-ஆல் பெருக்கினால் 4.5 வோல்ட். 12 வோல்டில் 4.5 போய்விட்டால் மோட்டார் எப்படிச் சுற்றும்? ஒற்றையடிச் சந்தில் சைக்கிள் தாராளமாகப் போகும்; தேர் போகாது.

இதை மல்டிமீட்டர் வைத்து ஒரு நிமிடத்தில் உறுதி செய்யலாம். மீட்டரின் ஒரு முள்ளைப் பேட்டரியின் ஈய முனையின் நடுவிலும், மற்றொன்றை அதைப் பிடித்திருக்கும் கிளாம்பிலும் வையுங்கள். இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். மீட்டர் ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டும். 0.2 வோல்டுக்கு மேல் காட்டினால் மின்சாரம் அந்த இடத்திலேயே வீணாகிறது. பேட்டரியின் நெகட்டிவ் முனைக்கும் எஞ்சினின் வெற்று உலோகத்துக்கும் இடையே இதே சோதனையைச் செய்தால் எர்த் கேபிளின் நிலையும் தெரிந்துவிடும்; அங்கே 0.5 வோல்டைத் தாண்டக் கூடாது.

சரிசெய்ய வெந்நீரில் கரைத்த சமையல் சோடாவும் ஒரு கம்பி பிரஷும் போதும். நெகட்டிவ் கிளாம்பை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் மாட்ட வேண்டும். பாசிட்டிவ் முனையைக் கழற்றும்போது ஸ்பேனர் தவறி பாடியில் பட்டாலும் அப்போது தீப்பொறி பறக்காது. சோடா நீர் பேட்டரிக்குள் இறங்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். சுத்தம் செய்து இறுக்கிய பிறகு மேலே வாஸ்லைன் தடவிவிட்டால் நீண்ட நாள் தாங்கும்.

பேட்டரியை அளப்பது எப்படி?

ஈய அமில பேட்டரியை பிரெஞ்சு அறிவியலாளர் காஸ்டன் பிளாண்டே 1859-இல் உருவாக்கினார். 160 ஆண்டுகளுக்கு மேலாகியும் காரை ஸ்டார்ட் செய்ய அதைத்தான் பெரும்பாலும் நம்பியிருக்கிறோம். நொடியில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிக் கொடுக்கும் திறன் இந்த விலைக்கு வேறு எதிலும் எளிதாகக் கிடைக்காது என்பதே காரணம்.

உள்ளே ஆறு அறைகள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட். முழுதாகச் சார்ஜ் ஏறிய பேட்டரி, சில மணி நேரம் ஓய்வில் இருந்த பிறகு 12.6 வோல்ட் காட்டும். 12.4 என்றால் முக்கால்வாசி, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே போனால் கிட்டத்தட்ட காலி. ஆனால் இந்த ஓய்வு வோல்டேஜை மட்டும் நம்பி முடிவு செய்யக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போதும் மீட்டரைப் பார்க்க வேண்டும். நல்ல பேட்டரி அப்போது 10 வோல்டை ஒட்டியோ அதற்கு மேலோ நிற்கும். ஓய்வில் 12.5 காட்டிவிட்டு, செல்ஃப் அடித்ததும் 7-க்கோ 8-க்கோ சரியும் பேட்டரி உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது. அதை எத்தனை முறை சார்ஜ் செய்தாலும் பயனில்லை.

தமிழ்நாட்டில் பேட்டரிக்குப் பெரிய எதிரி வெயில். வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் ஏறும்போது வேதிவினைகளின் வேகம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். பேட்டரியை அரிக்கும் வினைகளுக்கும் இது பொருந்தும். ஈயத் தகடுகளின் சட்டம் அரிக்கிறது, நீர் வற்றுகிறது. கத்திரி வெயிலில் நொந்துபோகும் பேட்டரி, பல சமயம் மார்கழியின் குளிர்ந்த காலையில்தான் கைவிடும். குளிரில் பேட்டரியின் வினை மந்தமாகும், எஞ்சின் ஆயிலும் கெட்டியாகும். பழி குளிரின் மேல் விழுந்தாலும், சேதம் செய்தது கோடைதான்.

இன்னொரு எதிரி, வண்டியை எடுக்காமலே நிறுத்தி வைப்பது. பூட்டி நிற்கும் காரிலும் அலாரம், கடிகாரம், எஞ்சின் கம்ப்யூட்டரின் நினைவகம் ஆகியவை கொஞ்சம் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். அது 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், ஒரு நாளுக்கு 1.2 ஆம்பியர் மணி. 35 ஆம்பியர் மணி கொண்ட சிறிய கார் பேட்டரி இரண்டே வாரத்தில் பாதியாகும், ஒரு மாதத்தில் தீரும். 2020 மார்ச் 25-இல் தொடங்கிய ஊரடங்கு தளர்ந்தபோது, வீட்டு வாசலில் நின்ற கார்கள் எடுக்காமல் போனதற்கு இந்தச் சிறு கணக்கே காரணம். காலியாகவே கிடக்கும் பேட்டரியின் தகடுகளில் ஈய சல்பேட் படிகங்கள் இறுகிவிடும். பிறகு சார்ஜ் முழுதாக ஏறாது. வாரம் ஒருமுறை அரை மணி நேரம் ஓட்டுவது நல்லது. நின்ற இடத்தில் ஐந்து நிமிடம் ஓடவிடுவது, ஸ்டார்ட் செய்யச் செலவானதைக்கூட ஈடுகட்டாமல் போகலாம்.

விளக்கு எரிகிறது, சத்தமே இல்லை

பேட்டரி நன்றாக இருந்தும் செல்ஃப் வாயே திறக்கவில்லை என்றால், கார் வேண்டுமென்றே தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் காரில் கியர் 'பி' அல்லது 'என்' நிலையில் இல்லாவிட்டால் செல்ஃப் எடுக்காது. மேனுவல் கார்கள் பலவற்றில் கிளட்சை முழுதாக மிதிக்காவிட்டால் எடுக்காது. மிதியடி கிளட்சுக்குக் கீழே சுருண்டு கிடந்தாலே போதும், தடை வந்துவிடும்.

அடுத்து இம்மொபிலைசர். சாவியின் பிளாஸ்டிக் தலைக்குள் ஒரு சிப் இருக்கிறது. சாவித்துளையைச் சுற்றியிருக்கும் கம்பிச்சுருள் உண்டாக்கும் காந்தப்புலத்திலிருந்தே அது மின்சாரம் எடுத்துத் தன் அடையாளத்தைச் சொல்லும். தனி பேட்டரி அதற்குத் தேவையில்லை. டேஷ்போர்டில் சாவி அல்லது பூட்டுப் படம் மின்னிக்கொண்டே இருந்தால் அந்த அடையாளம் ஏற்கப்படவில்லை. உடனே இரண்டாவது சாவியைப் போட்டுப் பாருங்கள். பட்டன் ஸ்டார்ட் கார் என்றால், ரிமோட்டை அந்தப் பட்டனோடு ஒட்டிப் பிடித்து அழுத்திப் பாருங்கள். ரிமோட்டின் பேட்டரி தீர்ந்துபோனாலும் பெரும்பாலான கார்கள் இப்படி ஸ்டார்ட் ஆகும்.

எலியையும் மறக்கக் கூடாது. மழைக்காலத்தில் கதகதப்பான எஞ்சின் அறைக்குள் புகுந்து வயர்களைக் கடித்துவிடும். பானெட்டைத் திறந்ததும் எச்சமோ, துணி நாரோ, கடிபட்ட வயரோ தெரிந்தால், மேற்கொண்டு செல்ஃப் அடிக்காமல் எலக்ட்ரீஷியனை அழைப்பதே பாதுகாப்பு.

செல்ஃப் அடிக்கிறது, எஞ்சின் பிடிக்கவில்லை

இங்கே பெட்ரோல், தீப்பொறி, காற்றழுத்தம் மூன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும்.

சாவியை 'ஆன்' நிலைக்கு மட்டும் கொண்டுவந்து காதைப் பின் சீட்டுப் பக்கம் வையுங்கள். பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் இரண்டு நொடி 'ஊம்' என்று ஓடி நிற்பது பெரும்பாலான கார்களில் கேட்கும். கேட்கவில்லை என்றால், பம்புக்குரிய ஃப்யூஸையும் ரிலேயையும் பாருங்கள். ஃப்யூஸ் பெட்டியில் ஹாரனுக்கும் அதே எண் கொண்ட ரிலே இருந்தால், இரண்டையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். செலவில்லாத, தெளிவான சோதனை இது.

தீப்பொறிக்கு இக்னிஷன் காயில் 12 வோல்டை 20,000 வோல்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. பழைய காலத்து வழக்கப்படி பிளக் வயரைக் கையில் பிடித்துப் பொறி பார்ப்பது இன்றைய கார்களில் ஆபத்து. உங்களுக்கும், எஞ்சின் கம்ப்யூட்டருக்கும். அதைவிட எளிய குறிப்பு ஒன்று உண்டு. செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் முள்ளைப் பாருங்கள். கொஞ்சமும் அசையாவிட்டால், எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் கிராங்க் சென்சார் மேல் சந்தேகப்படலாம். சூடாக இருக்கும்போது ஸ்டார்ட் ஆகாமல், ஆறியதும் ஒன்றுமே நடக்காததுபோல ஸ்டார்ட் ஆகும் கார்களில் இந்தச் சென்சார் அடிக்கடி குற்றவாளி.

பெட்ரோல் வாடை பலமாக வந்தால் எஞ்சினில் எரிபொருள் மிகுந்து பிளக் நனைந்திருக்கலாம். ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி ஐந்து நொடி செல்ஃப் அடியுங்கள். பல கார்களில் அந்த நிலையில் கம்ப்யூட்டர் பெட்ரோலை நிறுத்தி, காற்றை மட்டும் விடும்.

காற்றழுத்தத்தையும் காதாலேயே அறியலாம். ஒவ்வொரு பிஸ்டனும் காற்றை அழுத்தும்போது செல்ஃப் மோட்டார் சற்றே திணறும். அதனால்தான் அந்த ஓசையில் ஒரு தாளம் இருக்கிறது. தாளமே இல்லாமல், வழக்கத்தைவிட வேகமாக ஒரே சீராக மோட்டார் சுழன்றால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக்கூடும். உடனே நிறுத்துங்கள். மேலும் சுற்றினால் பிஸ்டன் வால்வுகளில் மோதலாம்.

டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. அழுத்தத்தில் 500 டிகிரிக்கும் மேல் சூடாகும் காற்றே எரியூட்டுகிறது. ஊட்டி, கொடைக்கானல் குளிரில் ஹீட்டர் பிளக்கின் சுருள் விளக்கு அணையும்வரை காத்திருந்து செல்ஃப் அடிக்க வேண்டும். டீசல் முழுதும் தீர்ந்து நின்ற வண்டியில் ஏர் லாக் ஆகியிருக்கும். கைப்பம்ப் இருந்தால் அதை அழுத்திக் காற்றை வெளியேற்றிய பிறகே முயல வேண்டும்.

ஜம்பர் கேபிளும் தள்ளுவதும்

ஜம்பர் கேபிள் போடும் வரிசை முக்கியம். சிவப்பை முதலில் காலியான பேட்டரியின் பாசிட்டிவில், மறுமுனையை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். பிறகு கறுப்பை நல்ல பேட்டரியின் நெகட்டிவில், அதன் மறுமுனையைப் பழுதான காரின் எஞ்சினில் பெயின்ட் இல்லாத ஓர் உலோகப் பகுதியில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசி இணைப்பில் பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வெளியாகும்; காற்றில் அது 4 சதவீதம் இருந்தாலே தீப்பற்றும். அதனால்தான் பேட்டரிக்கு மேலே அந்தப் பொறி விழக் கூடாது. முனைகளை மாற்றி இணைத்தால், எஞ்சின் ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் டயோடுகளும் எலக்ட்ரானிக் பாகங்களும் கருகிவிடலாம்.

எஞ்சின் ஓடத் தொடங்கியதும் பேட்டரி முனைகளில் ஏறத்தாழ 13.8 முதல் 14.5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் குறை ஆல்டர்னேட்டர் பக்கம். புதிய பேட்டரி போட்டாலும் அதுவும் சில நாளில் படுத்துவிடும்.

தள்ளி ஸ்டார்ட் செய்வது மேனுவல் கியர் கார்களுக்கு மட்டும்தான். அதிலும் பேட்டரி அடியோடு தீர்ந்திருந்தால் பயனில்லை. பெட்ரோல் பம்பும் கம்ப்யூட்டரும் இயங்கவே மின்சாரம் வேண்டும்.

ஸ்டார்ட் செய்யவே கூடாத நேரம்

2015 டிசம்பரில் சென்னையில் வெள்ளம் வந்தபோதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் கார்கள் நீரில் மூழ்கின. நீர் வடிந்ததும் "எடுக்கிறதா பார்ப்போம்" என்று சாவியைத் திருப்பத் தோன்றுவது இயல்பு. அதைச் செய்யவே கூடாது.

கணக்கைப் பாருங்கள். 1,200 சிசி நான்கு சிலிண்டர் எஞ்சினில் ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 300 சிசி. அழுத்த விகிதம் 10-க்கு 1 என்றால், பிஸ்டன் உச்சிக்கு வரும்போது மிஞ்சும் இடம் சுமார் 33 சிசி; இரண்டு மேசைக்கரண்டி அளவு. காற்று அழுங்கும், நீர் அழுங்காது. அந்த இரண்டு கரண்டிக்கு மேல் நீர் இருந்தால் பிஸ்டன் மேலே வர இடமில்லை. விசை முழுவதும் கனெக்டிங் ராடு மேல் இறங்கி, அது வளையலாம், எஞ்சின் பிளாக்கே உடையலாம். நீரில் நின்ற எஞ்சினை வலுக்கட்டாயமாக ஸ்டார்ட் செய்ததால் வந்த சேதம் என்று கருதினால், சாதாரண காப்பீட்டில் இழப்பீடு மறுக்கப்படுவதும் உண்டு. முடிந்தால் நெகட்டிவ் கேபிளைக் கழற்றிவிடுங்கள். வண்டியைத் தூக்கிச் செல்லும் வாகனத்தில் ஏற்றி ஒர்க்‌ஷாப்புக்கு அனுப்புங்கள்.

மற்ற நேரங்களில், கார் எடுக்கவில்லை என்றால் பதற்றப்பட்டுச் சாவியைத் திரும்பத் திரும்ப முறுக்காதீர்கள். ஒருமுறை திருப்பி, சத்தத்தைக் கவனமாகக் கேளுங்கள். விளக்கு மங்குகிறதா, எந்தப் படம் மின்னுகிறது, எஞ்சின் சுற்றுகிறதா என்று பாருங்கள். மெக்கானிக்கிடம் "வண்டி எடுக்கவில்லை" என்று மட்டும் சொல்லாமல், கேட்டதையும் பார்த்ததையும் சொல்லுங்கள். அவர் வேலை பாதியாகும், உங்கள் செலவும் குறையும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்டிமீட்டரை வாங்கிக் காரிலேயே வைத்திருங்கள். யாராவது எந்தப் பாகத்தையாவது மாற்ற வேண்டும் என்று சொன்னால், "அளந்து பார்த்தீர்களா, எவ்வளவு காட்டியது?" என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மெக்கானிக்கிடம் அதற்கு நிச்சயம் பதில் இருக்கும்.